இலவசமாகப் பெயர்ப்பலகை போட்டுத் தருகிறார்களாம், கையெழுத்துப் போடலாமா?

சிப்புட்_போன்கடை எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் பன்னிரண்டு வருஷமாகக் கைப்பேசிக் கடை நடத்துகிறேன். ஒரே ஷட்டர், நான், ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருவன், மாலையில் மனைவி, அவ்வளவுதான். பாதி வியாபாரம் சுற்றியிருக்கும் தோட்டங்களில் இருந்து வருகிறது, அதிலும் இப்போது செம்பனை வெட்டுகிற வங்காளதேசத்து, நேப்பாளத்து ஆட்கள் அதிகம். ஏழாம் தேதி சம்பளம் போட்டால் எட்டாம் தேதி கடையில் நிற்க இடம் இருக்காது. இருபதாம் தேதிக்கு மேல் டாப்-அப்பும் டெம்பர்ட் கிளாஸும்தான் ஓடும்.

முன்பு டவுனில் மூன்று போன் கடை, இப்போது என்னோடு சேர்த்து ஏழு. அது கூடப் பரவாயில்லை. பையன்கள் வந்து செட்டைக் கையில் வாங்கி, கேமரா எப்படி, பேட்டரி எத்தனை நாள் நிற்கும் என்று அரை மணி நேரம் கேட்டுவிட்டு, பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொண்டு போய் ஆன்லைனில் ஷோப்பியில் வாங்குகிறார்கள். போன மாதம் ஒருவன் பார்சலைக் கொண்டுவந்து என் கவுண்டரில் வைத்தே பிரித்து, "அண்ணே, பழைய போன்ல இருக்கிறதெல்லாம் இதுக்கு மாத்திக் குடுங்க" என்றான். மாற்றிக் கொடுத்தேன், பத்து வெள்ளி வாங்கினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது ஈப்போவிலிருந்து ஒரு பெரிய பிராண்டின் விற்பனை ஆள் வந்து போகிறார் (பிராண்டு பெயர் வேண்டாம்). விளக்கு எரியும் புதுப் பலகை, கண்ணாடிக் கவுண்டர், வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரு புரோமோட்டர் பெண், எல்லாம் அவர்கள் செலவு. பலகையும் கவுண்டரும் மட்டும் ஆறாயிரம் வெள்ளி பெறும் என்கிறார். பதிலுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம், கடைக்குள் எழுபது விழுக்காடு இடம் அவர்களுக்கு, வெளியே வேறு பிராண்டு பெயர் இருக்கக் கூடாது, மாதம் இருபத்தைந்து செட் எடுக்க வேண்டும். நான் எல்லா பிராண்டும் சேர்த்தே மாதம் முப்பத்தைந்து செட்தான் விற்கிறேன், அதில் இவர்களுடையது ஒன்பது, பத்து இருக்கும்.

நான் போடாவிட்டால் இரண்டு கடை தள்ளி இருப்பவர் போட்டுவிடுவார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மனைவி போடச் சொல்கிறாள். அப்பா, "அடுத்தவன் பேர மாட்டிக்கிட்டு நீ ஏன் கடை நடத்துற" என்கிறார். யாராவது இப்படிக் கையெழுத்துப் போட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.


முன்னாள்_புரோமோட்டர் எழுதியது:

அண்ணே, நான் ஈப்போவில் ஐந்து வருஷம் அந்த மஞ்சள் டீ-சட்டை, நீல டீ-சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றவள். அவர் ஏன் உங்கள் ஒற்றை ஷட்டர் கடையைத் தேடி வருகிறார் என்று முதலில் யோசியுங்கள், அதில்தான் உங்கள் பேரம் இருக்கிறது.

சீனாவில் நடந்த கதை ஒன்று. சியோமி 2010இல் தொடங்கிய கம்பெனி, கடையே வேண்டாம், ஆன்லைனில் விற்றால் செலவு மிச்சம், அந்த மிச்சத்தை விலையில் குறைக்கலாம் என்று வந்தார்கள். குறித்த நேரத்தில் விற்பனையைத் திறப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், அதுவே விளம்பரம். 2015இல் அந்த ஊரில் அவர்கள்தான் முதலிடம். ஓப்போவும் விவோவும் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. சின்னச் சின்ன டவுனில் இருக்கிற, நம்மைப் போன்ற கடைகளுக்குப் போய்ப் பலகை மாட்டினார்கள், கடைக்காரருக்கு நல்ல கமிஷன் கொடுத்தார்கள், ஆள் நிறுத்தினார்கள். 2016 முடிந்து ஐடிசி என்கிற சந்தை ஆய்வுக் கம்பெனி கணக்குப் போட்டபோது ஓப்போ முதலிடம், விவோ மூன்றாமிடம், சியோமி ஐந்தாமிடம். ஒரே வருஷத்தில் சியோமி 64.9 மில்லியனிலிருந்து 41.5 மில்லியனுக்கு இறங்கியது. அதற்கப்புறம் அவர்களும் கடை கடையாகத் திறக்க ஆரம்பித்தார்கள்.

போன் வாங்குகிற ஆளில் பாதிப் பேர் எதை வாங்குவது என்று முடிவு செய்யாமல்தான் கடைக்குள் வருவார்கள். "எது நல்லது?" என்று உங்களைக் கேட்பார்கள். நீங்கள் விரலை எந்தப் பக்கம் நீட்டுகிறீர்களோ அதுதான் விற்கும். பிராண்டு காசு கொடுத்து வாங்குவது அந்த விரலை. பலகை அதற்கு ஒரு சாக்கு.

அதனால் பலகையை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். விலை இறங்கினால் உங்கள் கையில் விற்காமல் இருக்கும் செட்டுக்கு வித்தியாசக் காசு தருவார்களா? பிரைஸ் புரொடெக்‌ஷன் என்பார்கள். எத்தனை நாளுக்குள் எடுத்த செட்டுக்கு, காசாகவா, அடுத்த பில்லில் கழிப்பார்களா, இதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். அவர்கள் கணக்கில் இரண்டு எண் உண்டு, உங்களுக்குத் தள்ளிவிட்டது ஒன்று, நீங்கள் ஜனங்களுக்கு விற்றது இன்னொன்று. மாதக் கடைசியில் அந்த ஆளுக்கு முதல் எண்தான் அவசரம். முப்பதாம் தேதி சாயங்காலம் போன் போட்டு, "பத்து பீஸ் எடுத்துக்குங்க பாஸ், கேஸ் கவர் இலவசமா தரேன்" என்பார். அந்த வேலையை நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.


பஹாவ்_கடை எழுதியது:

நான் போட்டேன். பிராண்டு பெயர் நானும் சொல்லவில்லை.

முதல் ஆறு மாதம் ராஜா மாதிரி இருந்தது. பலகை இரவில் பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும் தெரியும். அப்புறம்தான் தெரிந்தது, அந்த விளக்குக்கு மின்சாரக் கட்டணம் என் பில்லில், நகராண்மைக் கழகத்தில் பலகை லைசென்ஸ் என் பெயரில், அளவு பெரிதானதால் கட்டணமும் ஏறியது. இதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை.

கோட்டா ஒரு மாதம் தவறியது, இரண்டாவது மாதமும் தவறியது. புரோமோட்டர் பெண்ணை வேறு கடைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, வாடிக்கையாளர் எல்லாருடைய எண்ணும் அவளுடைய வாட்ஸ்ஆப்பில் இருந்தது. பின்னாலேயே போய்விட்டார்கள். நாலு மாதத்தில் அடுத்த மாடல் வந்தது, பழையதன் விலை 150 வெள்ளி இறங்கியது, என் ரேக்கில் பதினொன்று. மூன்றுக்குத்தான் வித்தியாசம் கிடைத்தது, மற்றவை எடுத்து நாளாகிவிட்டதாம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் முடிந்ததும் வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் எட்டு ஓட்டை. அதில் இரண்டு இன்னும் இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் ஒழுகும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் பயமுறுத்தாதீர்கள். நான் சுங்கை பட்டாணியில் இப்படி ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், அங்கே பலகை நன்மைதான் செய்திருக்கிறது. ஏன் என்றால் வெளியூர்த் தொழிலாளிக்கும் தமான் பையனுக்கும் ஒரே பயம், ஏபி செட்டை (கம்பெனி வழியாக வராமல் வெளியிலிருந்து இறக்கியது) தலையில் கட்டிவிடுவார்களோ, வாரண்டி இல்லாமல் போய்விடுமோ என்று. கம்பெனிப் பலகை இருந்தால் மலேசியா செட், ஒரு வருஷ வாரண்டி, சிரிம் தரச் சான்று முத்திரை என்று கேட்காமலே நம்புவான். அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு.

ஆனால் அந்த விலை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆறாயிரம் வெள்ளியை இருபத்து நான்கு மாதத்தால் வகுத்தால் 250 வருகிறது. அதாவது உங்கள் கடையின் நெற்றியையும் உள்ளே முக்கால் இடத்தையும் மாதம் 250 வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். டவுனில் ஒரு சாதாரண விளம்பரத் தட்டி அந்த விலைக்குக் கிடைக்குமா? அதோடு இருபத்தைந்து செட், சராசரி 700 வெள்ளி என்று வைத்தாலும் 17,500 வெள்ளி சரக்கு மாதா மாதம் எடுக்க வேண்டும். பத்து விற்கிற இடத்தில் இருபத்தைந்து. மீதி பதினைந்தை யார் விற்பது? உங்கள் மற்ற பிராண்டு வாடிக்கையாளரைத்தான் இழுத்துத் திருப்ப வேண்டும். நேப்பாளத்துத் தம்பி தன் ரூம்மேட் வைத்திருக்கிற அதே மாடல் வேண்டும் என்று வருவான், நீங்கள் இல்லை என்பீர்கள், அவன் அடுத்த கடைக்குப் போவான்.

அடுத்தவன் கடையைத் தன் விளம்பரமாக்குவது புதுசு இல்லை. இன்டெல் 1991இல் இதைத்தான் செய்தது. கணினிக்குள்ளே இருக்கிற சில்லை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் கணினி செய்கிற கம்பெனிகளிடம், உன் விளம்பரத்தில் 'இன்டெல் இன்சைட்' என்று போடு, விளம்பரச் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன் என்றார்கள். கொஞ்ச வருஷத்தில் ஜனங்கள் பெட்டி யாருடையது என்று பார்ப்பதை விட்டு அந்த ஸ்டிக்கரைத் தேட ஆரம்பித்தார்கள். காசு வாங்கியவர்கள் பெயர் சின்னதானது, கொடுத்தவன் பெயர் பெரிதானது. உங்கள் அப்பா சொன்னதும் ஏறக்குறைய இதுதான், அவர் இன்டெல்லைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷம் என்பது இந்தத் தொழிலில் ரொம்ப நீளம் என்பதையும் மறக்க வேண்டாம். 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தடைப் பட்டியலில் போட்டது, அந்த வருஷக் கடைசிக்குள் புது மாடல்கள் கூகுள் பிளே இல்லாமல் வந்தன. ஜனவரியில் ஹுவாவே பலகை மாட்டிய கடைக்காரர் அதைக் கனவிலாவது நினைத்திருப்பாரா? செல்கோம், டிஜி என்ற இரண்டு தொலைபேசிக் கம்பெனிகளும் 2022 கடைசியில் ஒன்றாகின. பிராண்டு நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சு இல்லை, அது எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

என் யோசனை, போடுங்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு, பத்து செட்டுக்கு.


சிப்புட்_போன்கடை எழுதியது:

250 வெள்ளிக் கணக்கை மனைவியிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கால்குலேட்டரை எடுத்து மறுபடியும் தட்டிப் பார்த்தாள்.

ஆனால் ஷோப்பிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பலகை போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் பையன் பார்சலோடு வரத்தானே போகிறான்?


பினாங்கில்_வேலை எழுதியது:

அண்ணா, அந்தப் பார்சல் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை இல்லை, வேறு ஊர், ஆனால் அதே கதை.

நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், அம்மா தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்கு ஷோப்பியில் போன் வாங்கி அனுப்பினேன், வவுச்சர் எல்லாம் கழித்து டவுன் கடையைவிட 60 வெள்ளி மலிவு. பெருமையாக இருந்தது. அம்மாவுக்குப் பெட்டியைப் பிரிக்கவே பயம். சிம் கார்டை எடுக்கத் தெரியவில்லை, வாட்ஸ்ஆப் பழைய எண்ணில் வரவில்லை, அப்பாவோடு இருந்த படங்கள் பழைய போனிலேயே மாட்டிக்கொண்டன. போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். அம்மா திரும்பி வந்துவிட்டார். மூன்று வாரம், நான் லீவு எடுத்து வரும் வரைக்கும், அந்தப் போன் அலமாரியில் இருந்தது.

அடுத்த போன் அதே கடையில்தான் வாங்கினேன், 60 வெள்ளி அதிகம் கொடுத்து. எழுத்தைப் பெரிதாக்கி, படங்களை மாற்றி, என் எண்ணை முதல் பக்கத்தில் வைத்து, டச் அண்ட் கோ மின்பணப்பை திறந்து, பேங்க் செயலியைப் போட்டு, பாஸ்வேர்டை அம்மாவையே தட்டச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். அம்மா அதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறார். இப்போது வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வருகிறதே, திறந்தால் பேங்க் காசு போய்விடுகிறதே, அந்த மாதிரி ஏதாவது வந்தால் திறக்காமல் நேராகக் கடைக்குப் போய்க் காட்டுகிறார். கவருக்கு உள்ளே 997 என்று மார்க்கர் பேனாவில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மோசடி நடந்தால் உடனே கூப்பிடுகிற எண்.

இதையெல்லாம் நீங்களும் செய்துகொண்டுதான் இருப்பீர்கள், ஆனால் சும்மா செய்கிறீர்கள். விலை எழுதி ஒட்டுங்கள் அண்ணா. டேட்டா மாற்ற இருபது, பேங்க் செயலி போட்டுச் சொல்லிக் கொடுக்கப் பதினைந்து, இங்கே வாங்கிய போனுக்கு எதற்கும் காசில்லை என்று. பார்சல் பையனிடம் கோபப்பட வேண்டாம், இருபது வெள்ளி வாங்குங்கள். அவன் மாதிரி ஆளுக்கு 800 வெள்ளி செட் விற்றால் உங்கள் கையில் எவ்வளவு நிற்கும்?


சிப்புட்_போன்கடை எழுதியது:

தங்கச்சி, உண்மையைச் சொன்னால் நாற்பது. சில மாடலில் இருபத்தைந்து.


முன்னாள்_புரோமோட்டர் எழுதியது:

பார்த்தீர்களா, செட்டில் நாற்பது, டேட்டா மாற்றினால் இருபது, இரண்டு வெள்ளிக் கண்ணாடியைப் பதினைந்துக்கு ஒட்டினால் பதின்மூன்று. நாற்பதுக்கு முதல் போட்டு ரேக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும், இருபதுக்கு ஒரு கேபிள் போதும்.

அப்புறம் ஆன்லைன் விலை எப்போதும் இப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊபரும் கிராப்பும் அடித்துக்கொண்ட காலத்தில் ஈப்போவில் நான் ரெண்டு வெள்ளி, மூன்று வெள்ளிக்கு வேலைக்குப் போயிருக்கிறேன். 2018 மார்ச்சில் ஊபர் இந்த வட்டாரத்து வியாபாரத்தை கிராப்பிடம் கொடுத்துவிட்டு 27.5 விழுக்காடு பங்கை வாங்கிக்கொண்டு போனது, அதற்கப்புறம் எனக்கு வந்த புரோமோ கோடு விரல் விட்டு எண்ணலாம். வவுச்சர் என்பது யாரோ ஒருவர் போட்டியில் எரிக்கிற காசு, எரிகிற வரைக்கும்தான் குளிர் காயலாம். அரசாங்கமும் 2024 ஜனவரியிலிருந்து 500 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டு ஆன்லைன் சாமானுக்குப் பத்து விழுக்காடு வரி போட்டிருக்கிறது, சீனாவிலிருந்து நேராக வரும் கவர், சார்ஜர் எல்லாம் முன்போல் அடிமாட்டு விலை இல்லை.

இன்னொன்று. இரண்டு கடை தள்ளி இருப்பவர் போட்டால் போடட்டும். அவர் கடையில் எழுபது விழுக்காடு ஒரே பிராண்டு ஆகிவிட்டால் மற்ற பிராண்டுக்காரர்கள் அந்தத் தெருவில் எங்கே போவார்கள்?


செம்பனை82 எழுதியது:

நான் கடைக்காரன் இல்லை, வாங்குகிறவன். ஒரு யோசனை. ஏழு கடையும் சேர்ந்து கவர், சார்ஜர், கண்ணாடி எல்லாம் மொத்தமாக எடுத்தால் என்ன? ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர் இது. 1960இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்றதும் பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டமே வாங்கினார்கள். ஒரு பெட்டி சார்ஜர் வாங்க முடியாதா?


பஹாவ்_கடை எழுதியது:

அவர்கள் பால்மரம் வெட்டியவர்கள், அதனால் முடிந்தது. போன் கடைக்காரர்கள் ஏழு பேர் ஒரே மேசையில் தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் எட்டாவது கடை திறந்துவிடும்.

ஆனால் சார்ஜர் விஷயம் நிஜம்தான், நானும் பக்கத்துக் கடையும் இப்போது சேர்ந்துதான் எடுக்கிறோம். செட்டில்தான் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க மாட்டோம்.


சிப்புட்_போன்கடை எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்காக.

ஈப்போ ஆள் வந்தார். தாளில் எழுதி வைத்துக் கேட்டேன். ஆறு மாதம், பத்து செட், விலை இறங்கினால் அறுபது நாளுக்குள் எடுத்த சரக்குக்கு வித்தியாசம், மின்சாரமும் பலகை லைசென்ஸும் உங்களுடையது, கழற்றும்போது சுவரை அடைத்துப் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும். (ஓட்டை விஷயம் பஹாவ் அண்ணன் உபயம்.) அவர் தாளைப் படம் பிடித்துக்கொண்டு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். மூன்று நாள் பேச்சே இல்லை. நாலாம் நாள் இரண்டு கடை தள்ளி ஏணி சாத்தியிருந்தது. மனைவி வாசலில் நின்று கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை, அது திட்டுவதைவிட மோசம்.

இதற்கிடையில் தங்கச்சி சொன்ன மாதிரி விலை எழுதி ஒட்டிவிட்டேன், தமிழில், மலாயில், தம்பி நேப்பாளத்து ஆள் ஒருவரைப் பிடித்து அவர்கள் எழுத்திலும் எழுதி வாங்கிவிட்டான். சம்பள வாரத்தில் மட்டும் டேட்டா மாற்றியதில் 260 வெள்ளி. அதில் நாலு பேர் ஷோப்பி பார்சல். ஒருவன் கூட முறைக்கவில்லை, நான்தான் இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று வேறு இரண்டு பிராண்டுக்காரர்கள், ஒருவர் காலையில், ஒருவர் மத்தியானம், போன் போட்டார்கள். அந்தத் தெருவில் எங்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது, உங்கள் கடையில் ஒரு கவுண்டர் வைக்கலாமா, கோட்டா வேண்டாம் என்று. முன்னாள் புரோமோட்டர் சொன்னது அச்சு அசலாக நடந்தது. மூன்றடிக்கு மேல் இடமில்லை, வெளியே பலகை கிடையாது, கரண்டு பில் பாதி உங்களுடையது என்றேன். காலையில் கூப்பிட்டவர் சரி என்றார், திங்கட்கிழமை அளவெடுக்க வருகிறார்கள். மத்தியானம் கூப்பிட்டவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், அவருக்கு நாலடி வேண்டுமாம்.